தமிழ் ராக் ஆல்பம்: 9 பாடல், 9,000 வெள்ளி. பதிவிலிருந்து வெளியீடு வரை சந்தேகங்கள்

காக்கிபுக்கிட்_பேஸ் எழுதியது:

வணக்கம். நாங்கள் சிங்கப்பூரில் ஐந்து பேர் கொண்ட தமிழ் ராக் குழு: பாடகர், இரண்டு கிட்டார், பேஸ், டிரம்ஸ். முதல் முழு ஆல்பத்துக்கு 9 பாடல்கள் தயார், மொத்தம் 43 நிமிடம். இரண்டு பாடல்களில் உறுமி வருகிறது, ஒன்றில் நாதஸ்வரம். கையிருப்பு 9,000 வெள்ளி. வரும் ஏப்ரலில், தமிழ் மொழி விழா நடக்கும் மாதத்தில், வெளியிட நினைக்கிறோம். பத்து மாதம் இருக்கிறது.

பணத்தை எதில் போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது? தொழிற்பேட்டைக் கட்டடத்தில் ஒத்திகை பார்க்கும் ஜாமிங் அறையிலேயே டிரம்ஸைப் பதிவு செய்தால் போதுமா? நாதஸ்வரம் கிட்டாரோடு சுருதி சேரவில்லை, எதை மாற்றுவது? டெமோவில் கிட்டார் ஏறியதும் தமிழ் வார்த்தை புரியாமல் போகிறது. சிடி, வினைல் இரண்டும் போட ஆசை. ஒரு பாடலில் பாரதியார் வரிகள் இருக்கின்றன. இன்னொன்று பழைய சினிமாப் பாட்டு ஒன்றை வரி மாற்றி எடுத்தது. அதற்கெல்லாம் என்ன அனுமதி வேண்டும்?

ஒலிக்கூடம்77 எழுதியது:

தம்பி, முதலில் பணத்தைப் பிரித்துவிடுங்கள். டிரம்ஸ் பதிவுக்கு 2,000, மிக்சிங்குக்கு (தடங்களைக் கலந்து சமன்செய்வது) பாட்டுக்கு 400 வீதம் 3,600, மாஸ்டரிங்குக்கு (கலந்த பாட்டுகளை வெளியீட்டுக்கு இறுதியாக்குவது) 900, உறுமி, நாதஸ்வரக் கலைஞர்களுக்கு 800, அட்டை ஓவியமும் சிடி அச்சும் 1,200. மீதி 500 வெள்ளியைத் தொடாதீர்கள், கடைசி மாதத்தில் அது தேவைப்படும். இது விலைப்பட்டியல் அல்ல. எது எவ்வளவு பெரியது என்று காட்டும் கணக்கு. கிட்டார், பேஸ், குரல் மூன்றையும் வீட்டிலேயே பதியலாம். டிரம்ஸ் வீவக அடுக்குமாடி வீட்டில் நடக்காது. மோசமாகப் பதிவான டிரம்ஸை மிக்சிங்கில் காப்பாற்றவும் முடியாது, மாதிரி ஒலிகளை மேலே போட்டு மூடத்தான் முடியும்.

ஸ்டூடியோவுக்குப் போகும் முன் ஒவ்வொரு பாட்டுக்கும் வேக வரைபடம் போட்டுவிடுங்கள். பாட்டு முழுக்க ஒரே வேகம் வேண்டும் என்பதில்லை. சரணம் 142 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை தட்டு), பல்லவி 145 என்று வைத்தாலே பல்லவி தூக்கிக்கொடுக்கும். அந்த வேகத்தில் தட்டும் கிளிக் ஒலியின் மேல் வழிகாட்டி கிட்டாரும் வழிகாட்டிக் குரலும் முழுப் பாட்டுக்கும் பதிந்து, முன்னால் இரண்டு பார் (தாளச் சுற்று) எண்ணிக்கை விட்டு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் கோப்பாகக் கொண்டுபோங்கள். டிரம்ஸ்காரர் தனியாக வாசிக்கலாம், மற்ற நால்வரும் வந்து மணிக்கணக்குக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. ஒன்பது பாட்டுக்கு இரண்டு நாள் போதும். முதல் நாளில் மைக் வைத்துச் சரிபார்க்கவே நான்கு மணி நேரம் போய்விடும், அன்றைக்கு மூன்று பாட்டு. மறுநாள் ஆறு. ஒவ்வொன்றுக்கும் முழுசாக மூன்று டேக் (வாசிப்பு), அதற்கு மேல் வேண்டாம். நான்காவது டேக்கில் கை தளர்வதுதான் கேட்கும்.

டிரம் தோல்களை முந்தின நாளே மாற்றி, இழுத்து, சுருதி சேர்த்துவிடுங்கள். அன்றைக்கே மாற்றினால் மணிக்கொரு முறை இறங்கிக்கொண்டே இருக்கும். ஸ்னேர் தோல் ஒன்று கூடுதலாகக் கையில் இருக்கட்டும்.

ஜாமிங் அறை பற்றி: போதலாம், போதாமலும் போகலாம். அதைக் கூரைதான் முடிவு செய்கிறது. பொய்க்கூரை போட்ட அறையில் உயரம் இரண்டரை மீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். மேலே தொங்கும் ஓவர்ஹெட் மைக்குக்கும் கூரைக்கும் இடைவெளி கம்மி என்பதால், சிம்பலின் ஒலி நேராக ஒரு தடவையும் கூரையில் பட்டு இன்னொரு தடவையும் வந்து, சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தகர டப்பா போல மெலிந்து கேட்பது அதனால்தான். 10 செ.மீ. தடிமனுள்ள ராக்வூல் (பாறை இழை) பலகையைத் துணியில் சுற்றி டிரம்ஸுக்கு நேர் மேலே தொங்கவிட்டால் பெருமளவு அடங்கும். சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஸ்பாஞ்சை நம்ப வேண்டாம். அது மேல் அலைவரிசைகளை மட்டும் உறிஞ்சும். 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையுள்ள முழக்கம் அப்படியே நிற்கும், அறை அமுங்கிப்போனது போல் கேட்கும்.

எட்டு சேனல் இருந்தால் போதும். கிக்குக்கு 1, ஸ்னேருக்கு மேலே 1 கீழே 1, டாம்களுக்கு 2, ஓவர்ஹெட் 2, அறைக்கு 1. ஸ்னேரின் கீழ் மைக்குக்குத் துருவத்தைத் திருப்பிவிட (ஒலியலையைத் தலைகீழாக்க) மறக்காதீர்கள், மறந்தால் ஸ்னேரின் வயிறு காணாமல் போகும். இரண்டு ஓவர்ஹெட்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். கயிறு கட்டி அளந்து பாருங்கள். அப்புறம் கிக்கை ஓவர்ஹெட்டோடு சேர்த்துக் கேட்டு, துருவத்தை ஒரு முறை திருப்பிப் பார்த்து, எதில் அடித்தொனி கனமாக வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். உச்ச அளவு மைனஸ் 10 டெசிபெல் பக்கம் இருந்தால் போதும். 24 பிட்டில் அதற்கு மேல் ஏற்றுவதால் லாபம் ஒன்றுமில்லை.

நம் ஊர்க் காற்றுக்கு ஒரு எச்சரிக்கை. கண்டென்சர் மைக்கை வீட்டு அலமாரியில் போட்டு வைத்தால் ஈரம் கேப்சூலுக்குள் போய், பாடும்போது சடசடவென்று சத்தம் வரும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் உலர்பெட்டியில் 40 முதல் 50 விழுக்காட்டு ஈரப்பதத்தில் வையுங்கள். உறுமிக்கு வேறு பிரச்சினை: அது உண்மையான தோல். குளிர்சாதன அறையில் காய்ந்து சுருதி ஏறும், வெளியே எடுத்தால் இறங்கும். பதிவுக்கு இரண்டு மணி நேரம் முன்பே அறையைக் குளிர வைத்து, கருவியையும் உள்ளேயே வைத்துவிடுங்கள். இரு முகத்துக்கும் ஒவ்வொரு மைக், ஒன்றின் துருவத்தைத் திருப்ப வேண்டியிருக்கும். குச்சியால் தேய்த்து உறுமும் முகத்தின் வழுக்கல் ஒலி பெரும்பாலும் பேஸ் கிட்டார் இருக்கும் இடத்திலேயே விழும். அதை ஈக்யூவால் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) பிரிக்கப் பார்ப்பதைவிட அந்த இடங்களில் பேஸ் வாசிப்பைக் குறைத்து எழுதுவதே சரி. நீங்கள்தான் பேஸ் என்பதால் இது உங்கள் கையில்.

நாதஸ்வரத்துக்கு வருகிறேன். அதை மாற்ற முடியாது. வாயில் வைத்து ஊதும் சீவாளியாலும் மூச்சாலும் கொஞ்சம் அசைக்கலாம், அவ்வளவுதான். மாற வேண்டியது கிட்டார். வித்வானிடம் ஐந்து நிமிடம் ஸட்ஜத்தைப் பிடிக்கச் சொல்லி, டியூனரில் எத்தனை சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) விலகியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வாசித்துச் சூடான பிறகு பார்ப்பது முக்கியம், எடுத்தவுடன் சற்றுக் கீழே இருக்கும். பிறகு டியூனரின் அடிப்படையை மாற்ற வேண்டும். 440 ஹெர்ட்ஸில் 10 சென்ட்டுக்கு ஏறக்குறைய 2.5 ஹெர்ட்ஸ் கணக்கு. 30 சென்ட் மேலே இருந்தால் ஏ சுரத்தை 448 ஹெர்ட்ஸுக்கு வைத்து, அந்தப் பாட்டுக்கு மட்டும் கிட்டார், பேஸ் எல்லாவற்றையும் அதற்குச் சேருங்கள். நாதஸ்வரத்தைப் பதிந்த பிறகு மென்பொருளால் சுருதி திருத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். மென்பொருள் கமகத்தைப் பிழை என்று நினைத்து வெட்டி நிமிர்த்திவிடும், அப்புறம் அது ஊதல்தான், நாதஸ்வரம் இல்லை. மைக்கை அணசுக்கு (விரிந்த அடிவாய்) நேரே வைக்காமல் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தள்ளி, விரல் துளைகளைப் பார்த்து வையுங்கள். ஒலி துளைகளிலிருந்தும் வருகிறது. கண்டென்சராக இருந்தால் பேட் (வரும் ஒலியளவைக் குறைக்கும் சுவிட்ச்) போட்டே ஆக வேண்டும்.

கிட்டாருக்கு ஒரே விதி: ஆம்ப்பை எப்படிப் பதிந்தாலும் கூடவே டிஐ தடம் (ஆம்ப் வழியே போகாத நேரடிப் பதிவு) ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ப் ஒலி மிக்சில் உட்காரவில்லை என்றால் அதே வாசிப்பை வேறு ஆம்ப்பில் அனுப்பி எடுக்கலாம். அமெரிக்காவிலிருந்து வரவழைத்த 120 வோல்ட் ஆம்ப் என்றால் இங்குள்ள 230 வோல்ட்டில் நேரே செருகாதீர்கள், வோல்ட்டை இறக்கும் மின்மாற்றி வேண்டும். அதன் வாட் அளவு ஆம்ப் இழுப்பதைவிட நன்றாக மேலே இருக்கட்டும். 50, 100, 150 ஹெர்ட்ஸில் ஹம் கேட்டால் மின்சாரத்திலிருந்து வருகிறது. ஒற்றைச் சுருள் (சிங்கிள் காயில்) பிக்கப் என்றால் உட்காரும் திசையைத் திருப்பிப் பாருங்கள், மங்கலாக்கும் விளக்குச் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். பாதி அங்கேயே போய்விடும்.

ழகரம் எழுதியது:

வார்த்தை புரியாமல் போவதற்குக் கிட்டாரை மட்டும் குறை சொல்ல வேண்டாம். பாதிச் சிக்கல் பாட்டு எழுதும்போதே வந்துவிடுகிறது.

தமிழில் ஒற்று நேரம் கேட்கும். 'கொட்டு' என்பதில் நாக்கு மேலே போய் ஒட்டி, நின்று, பிறகுதான் விடும். 160 பிபிஎம் பாட்டில் பதினாறாம் பங்கு சுரம் 94 மில்லிசெகண்ட்தான். அந்த இடைவெளியில் அசைக்கு ஒரு சுரமாக 'கொட்டு' போட்டால் வாய் தானாகவே நிறுத்தத்தைச் சுருக்கிக்கொள்ளும். கேட்பவர் காதில் 'கொடு' என்று விழும். 'எட்டு' 'எடு' ஆகிவிடும். ஆங்கில ராக் மெட்டுக்குத் தமிழ் வரி எழுதும்போது அடிக்கடி நடப்பது இது. வரிகளைத் தாளில் எழுதி, வல்லின ஒற்று வரும் இடங்களை வட்டமிட்டு, அவை எட்டாம் பங்கு சுரத்திலாவது விழுகின்றனவா என்று பாருங்கள். விழவில்லை என்றால் வார்த்தையை மாற்றுங்கள், அல்லது முன் சுரத்தைக் குறுக்கி ஒற்றுக்கு இடம் கொடுங்கள். குறில் நெடிலும் அப்படியே. குறிலை இரண்டு பார் நீட்டினால் அது வேறு சொல். 'கலை' என்று எழுதிக் 'காலை' என்று பாட வேண்டாம்.

பதியும்போது மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம், பாப் தடுப்பு (மூச்சுக் காற்றைத் தடுக்கும் வலை) நடுவில். சத்தம் போடும் குளிர்சாதனத்தை ஒரு டேக்குக்கு, நான்கு நிமிடம் மட்டும், அணைத்துவிட்டுப் போடலாம். அதற்கு மேல் அறை சூடேறிப் பாடகர் களைப்பார். முழுப் பாட்டையும் ஐந்து டேக் எடுத்து, வரிவரியாக நல்லதைப் பொறுக்குங்கள். பொறுக்கும்போது சுருதியை மட்டும் பார்க்காமல் உச்சரிப்பையும் பாருங்கள். சுருதியைப் பிறகு கொஞ்சம் நகர்த்த முடியும், ளகரமாகிப் போன ழகரத்தை எந்தக் கருவியும் திருத்தாது.

துணைக்குரல்களில் வல்லினத்தை மென்மையாக விடச் சொல்லுங்கள். நான்கு பேர் நான்கு விதமாக 'ட்' போட்டால் கல் எறிந்தது போலிருக்கும். முன்னணிக் குரல் மட்டும் மெய்யை அழுத்தட்டும், மற்றவர்கள் உயிரெழுத்தைத் தாங்கினால் போதும்.

மிக்சிங்கில் குரலை ஏற்றிக்கொண்டே போவது நல்ல வழியல்ல. குரல் மேலே மிதக்கும், பாட்டு கச்சேரி மேடைபோல ஆகிவிடும், ராக்கின் கனம் போய்விடும். இடப்பக்கமும் வலப்பக்கமும் இரட்டித்த கிட்டார்கள் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை சுவர் எழுப்புகின்றன. மெய்யெழுத்துகளின் கூர்மையும் அதே இடத்தில்தான். கிட்டார் தடங்கள் எல்லாம் சேரும் பஸ்ஸில் 2.5 முதல் 3 கிலோஹெர்ட்ஸை மையமாக வைத்து, அகலமாக, குரல் வரும்போது மட்டும் 2 அல்லது 3 டெசிபெல் இறங்கும்படி டைனமிக் ஈக்யூ போடச் சொல்லுங்கள். குரல் நின்றதும் கிட்டார் பழையபடி எழும், கேட்பவருக்குத் தெரியாது. குரலுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, கம்ப்ரஸர் (சத்த ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் கருவி) இரண்டு அடுக்காக, ஒவ்வொன்றும் 3, 4 டெசிபெல். காதைக் குத்துகிறது என்று குரலில் 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஆழமாகக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்தால் ழ, ள, ல மூன்றும் ஒன்றாகிவிடும்.

சோதனை ஒன்று உண்டு. பாட்டை இதுவரை கேட்காத, வரிகளைப் பார்க்காத ஒருவரிடம் கைப்பேசி ஸ்பீக்கரில் ஒரு முறை போட்டு, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். குழுவினரோ குடும்பத்தினரோ கூடாது, அவர்களுக்கு வரி மனப்பாடம். பல்லவியில் ஒரு சொல்கூட தப்பக்கூடாது. சரணத்தில் தப்பிய சொற்களை வட்டமிட்டு மிக்சிங் செய்பவருக்கு நிமிடம், விநாடியோடு அனுப்புங்கள்.

ஒலிக்கூடம்77 எழுதியது:

டைனமிக் ஈக்யூ சரிதான். ஆனால் அதற்கு முன்னால், பதியும்போதே ஆம்ப்பில் கெய்னை (ஒலியைக் கரகரப்பாக்கும் பெருக்கம்) குறையுங்கள். தனியாக வாசிக்கையில் பிடித்திருக்கும் கெய்ன், இரட்டித்த பிறகு இரைச்சல் ஆகிறது. மூன்றில் இரண்டு பங்காக்கினால் கார்டும் தெளியும், குரலுக்கும் வழி கிடைக்கும். வார்த்தை வரும் இடத்தில் ஒரு கிட்டார் நிறுத்தி வாசித்தால் ஈக்யூ வேலை பாதி குறையும்.

மிக்சிங்குக்கு அனுப்பும்போது எல்லாத் தடங்களும் பாட்டின் 0:00 புள்ளியிலிருந்தே தொடங்க வேண்டும், மாஸ்டர் லிமிட்டர் (மொத்த ஒலியின் உச்சத்தை அடக்கும் கருவி) இருக்கக் கூடாது. திருத்தம் மூன்று சுற்று என்று முதலிலேயே எழுதி ஒத்துக்கொள்ளுங்கள். ஐவரின் குறிப்புகளையும் ஒருவரே தொகுத்து அனுப்பட்டும். ஐந்து பேர் தனித்தனியாக எழுதினால் மூன்று சுற்று முதல் வாரத்திலேயே தீரும். முடிந்ததும் குரலில்லாத, இசை மட்டுமுள்ள வடிவத்தையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் அந்தப் பாட்டின் செஷன் கோப்பைத் திறக்கவே தனிக் கட்டணம்.

மாஸ்டரிங்கில் 'ஸ்பாட்டிஃபைக்கு மைனஸ் 14' என்று யாராவது சொன்னால் அதைத் துரத்த வேண்டாம். மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தின் அளவுகோல்) என்பது அவர்கள் ஒலிக்கும்போது சமப்படுத்தும் அளவு. ஆப்பிள் மியூசிக்கில் மைனஸ் 16. ராக் ஆல்பம் மைனஸ் 10 பக்கம் இருந்தாலும் அவர்கள் இறக்கிக்கொள்வார்கள். பார்க்க வேண்டியது உண்மை உச்சம் மைனஸ் 1 டெசிபெல்லைத் தாண்டாதிருப்பது. தாண்டினால் சுருக்கக் கோப்பாக மாற்றும்போது சிம்பல் கரகரக்கும். மெதுவான பாட்டை மற்றவற்றுக்குச் சமமாக ஏற்றவும் வேண்டாம். ஆல்பத்தை வரிசையாகக் கேட்கும்போது பாட்டுகளுக்கு இடையிலான ஏற்ற இறக்கத்தை ஸ்பாட்டிஃபை அப்படியே விட்டுவிடுகிறது.

காக்கிபுக்கிட்_பேஸ் எழுதியது:

ஒலிக்கூடம் அண்ணே, ழகரம் அக்கா, மிக்க நன்றி. வரிகளில் ஒற்றுகளை வட்டமிட்டுப் பார்த்தால் ஒரே பாட்டில் பதினோரு இடம் இடிக்கிறது. மாற்றி எழுதுகிறோம். சிடி, வினைல், அனுமதி பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கறுப்புத்தட்டு எழுதியது:

43 நிமிடம் வினைலுக்கு நீளம். 12 அங்குலத் தட்டு, 33⅓ வேகம் என்றால் பக்கத்துக்கு 21.5 நிமிடம் விழும். ஏறும், ஆனால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், அதற்காக ஒலியளவையும் அடித்தொனியையும் குறைப்பார்கள். ராக்குக்குப் பக்கம் 18, 19 நிமிடம் நல்லது. ஒரு பாட்டை வினைலில் விட்டுவிட்டு எட்டாக்குங்கள். பாட்டு வரிசையும் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். ஊசி உள்வட்டத்துக்குப் போகப் போக அதே ஒரு சுற்றுக்குக் குறைந்த நீளமே கிடைக்கும், மேல் அலைவரிசை சிதையும். சத்தமான பாட்டுகள் பக்கத்தின் தொடக்கத்தில், அமைதியானவை முடிவில். வினைலுக்குத் தனி மாஸ்டர் வேண்டும்: சுமார் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே மோனோ (இரு பக்கமும் ஒரே ஒலி), 'ஸ்' ஒலி தணிப்பு, டிஜிட்டல் மாஸ்டரைப் போல நசுக்காத கோப்பு.

தொழிற்சாலை அனுப்பும் சோதனைத் தட்டைக் குறைந்தது இரண்டு வெவ்வேறு பிளேயர்களில் கேளுங்கள். டிக் சத்தம் 1.8 விநாடிக்கொரு முறை சீராக வந்தால் தட்டில் பிழை. அது ஒரு சுற்றின் நேரம். தாறுமாறாக வந்தால் தூசி. எல்லாச் சோதனைத் தட்டிலும் அதே இடத்தில் வந்தால் மூல அச்சிலேயே கோளாறு, ஒப்புதல் கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் சரக்குக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி. 2024 ஜனவரி 1 முதல் இந்த விகிதம். சரக்கு, காப்புறுதி, கப்பல் கட்டணம் மூன்றும் சேர்ந்த மதிப்பின் மேல் கணக்கிடுவார்கள். 3,000 வெள்ளி என்றால் 270. தனியாகச் சுங்கத் தீர்வை இசைத்தட்டுக்குக் கிடையாது. வந்த பெட்டிகளைக் கார் பூட்டில் விடாதீர்கள், ஒரு மதியம் போதும் வளைந்துவிடும். படுக்க வைத்து அடுக்கவும் வேண்டாம், நிறுத்தியே வையுங்கள்.

உங்கள் 9,000க்குள் வினைல் அடங்காது. முன்பதிவு வாங்கி, அந்தப் பணத்தில் 100 தட்டு போடுங்கள். ஏப்ரலுக்குக் கையில் வேண்டும் என்றால் நவம்பரில் மாஸ்டர் போயாக வேண்டும். முடியாவிட்டால் வினைல் பிறகு வரட்டும், டிஜிட்டல் வெளியீட்டை அதற்காகத் தள்ளாதீர்கள்.

சிடி எளிது. 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், டிடிபி கோப்பு (தொழிற்சாலைக்கு அனுப்பும் சிடி மாஸ்டர் வடிவம்). சிறிய எண்ணிக்கை என்றால் எழுதும் வட்டு (சிடி-ஆர்), சில நூறைத் தாண்டினால் கண்ணாடி மாஸ்டர் வைத்து அழுத்தும் வட்டு. எது தருகிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள். சிடி டெக்ஸ்ட்டில் தமிழ் எழுத்து ஏறாது, அதைக் காலியாக விடுவது கட்டம் கட்டமாக வருவதைவிட மேல்.

கையேட்டு வடிவமைப்பில்தான் தமிழுக்கு அடி விழும். அடோபி மென்பொருளில் உலக மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் பிரிந்து 'கொ' உடைந்துபோகும். பழைய யூனிகோட் அல்லாத எழுத்துருவில் தட்டிய வரிகளை ஒட்டினால் புள்ளிகள் தொலையும். வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாதென்றால் அவருக்கு அது பிழையாகவே தெரியாது. யூனிகோடில் தட்டி, மெய்ப்பு பார்த்து, கடைசியில் எழுத்தை உருவமாக மாற்றி, மாற்றிய பிறகு இன்னொரு முறை மெய்ப்பு பாருங்கள். 300 டிபிஐ, நான்கு வண்ணம், விளிம்பில் 3 மி.மீ. கூடுதல். டிஜிட்டல் அட்டை 3,000 க்கு 3,000 பிக்சல் சதுரம், அதில் இணைய முகவரியோ விலையோ இருந்தால் திருப்பி அனுப்புவார்கள்.

உரிமைத்தாள் எழுதியது:

பாரதியாரிலிருந்து தொடங்குகிறேன். 1921இல் மறைந்தவர். இங்கே காப்புரிமை ஆசிரியரின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டும். காலம் எப்போதோ முடிந்துவிட்டது, வரிகளைத் தாராளமாகப் பாடலாம். ஒரே எச்சரிக்கை: மெட்டு உங்களுடையதாக இருக்க வேண்டும். சினிமாவில் கேட்டுப் பழகிய மெட்டு நம்மை அறியாமலே நுழையும். அந்த மெட்டுக்கு இசையமைப்பாளரின் உரிமை தனி.

சினிமாப் பாட்டு வேறு கதை. மெட்டுக்கும் வரிக்கும் உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வேண்டும், அவர் பெரும்பாலும் சென்னையில் இருக்கும் இசை நிறுவனம். வரியை மாற்றியிருப்பதால் அது வெறும் மறுபதிவு அல்ல, தழுவல். அதற்கு வெளிப்படையாகத் தனி அனுமதி. விநியோகத் தளங்கள் விற்கும் மறுபதிவு உரிமம் இதற்குப் பொருந்தாது. அனுமதியில்லாமல் ஏற்றினால் அந்தப் பாட்டு மட்டும் போகாது, ஆல்பமே முடக்கப்படலாம். கறுப்புத்தட்டு எட்டாக்கச் சொல்கிறார், அந்த ஒன்று இதுவாகவே இருக்கட்டும்.

அடுத்து, ஒப்பந்தத் தாள். 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள காப்புரிமைச் சட்டத்தில், காசு கொடுத்துச் செய்யச் சொன்ன ஒலிப்பதிவுக்கும் புகைப்படத்துக்கும் உருவாக்கியவரே முதல் உரிமையாளர், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத வரை. ஆகவே ஸ்டூடியோ, மிக்சிங் செய்பவர், அட்டைப் படம் எடுத்தவர் மூவரிடமும் உரிமை குழுவுக்கு மாறுகிறது என்று கையெழுத்து வாங்குங்கள். வேலை தொடங்கும் முன், முதல் தவணையோடு. நாதஸ்வர, உறுமிக் கலைஞர்களிடமும் ஒப்புதல் தாள் வாங்கி, கட்டணம் ஒரு முறையா, பங்கா என்று எழுதிவிடுங்கள். உங்களுக்குள்ளும் ஒரு தாள் தேவை: பாட்டுக்குப் பாட்டு மெட்டு யாருடையது, வரி யாருடையது, எத்தனை விழுக்காடு, கூட்டினால் 100. இதை டிரம்ஸ் பதிவு முடிந்த வாரத்திலேயே எழுதுவது நல்லது. பாட்டு ஓடத் தொடங்கிய பின் எழுத உட்கார்ந்தால் குழு உடையும்.

எண்கள் மூன்று, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஐஎஸ்ஆர்சி என்பது ஒலிப்பதிவின் அடையாள எண், 12 எழுத்து, பாட்டுக்கு ஒன்று. பார்கோடு என்பது ஆல்பத்துக்கு. இயற்றிய பாடல் என்ற படைப்பைக் காம்பஸில் பதிய வேண்டும். அது 1987 முதல் இங்கே இசையமைப்பாளர், பாடலாசிரியர்களின் நிகழ்த்து உரிமையைக் கவனிக்கும் சங்கம். உறுப்பினராக வேண்டியது எழுதியவர்கள், குழுவல்ல. தனிப்பாட்டாக முதலில் விடும் பாட்டு ஆல்பத்திலும் வரும்போது அதே ஐஎஸ்ஆர்சி, அதே கோப்பு, அதே நீளம் இருந்தால்தான் கேட்ட எண்ணிக்கை சேர்ந்து வரும். தனிப்பாட்டை விட்டபின் மாஸ்டரை மாற்றினால் இந்தக் கணக்கு பிரிந்துபோகும். எனவே முழு ஆல்பமும் மாஸ்டர் ஆன பிறகே முதல் தனிப்பாட்டை விடுங்கள்.

நாள் கணக்கு: வெளியீடு வெள்ளிக்கிழமை. ஏப்ரல் இரண்டாம் வெள்ளி என்று வைத்தால் மார்ச் முதல் வாரத்தில் கோப்புகள் விநியோகஸ்தரிடம் இருக்க வேண்டும். ஸ்பாட்டிஃபையில் வெளிவராத ஒரு பாட்டை ஆசிரியர் குழுவுக்குப் பரிந்துரைக்க ஏழு நாள்தான் குறைந்தபட்சம், ஆனால் நான்கு வாரம் கொடுங்கள். தனிப்பாட்டுகள் ஜனவரி, பிப்ரவரி, மார்ச். அப்படியானால் மாஸ்டரிங் டிசம்பரில் முடிய வேண்டும் (வினைல் பிறகுதான் வரும்), மிக்சிங் அக்டோபர், நவம்பர், டிரம்ஸ் ஆகஸ்ட். இன்னும் பத்து மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் டிரம்ஸுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது.

தலைப்பைத் தமிழ் எழுத்திலேயே கொடுங்கள், மொழி தமிழ் என்று குறியுங்கள். குழுப்பெயரின் எழுத்துக்கூட்டு எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒரு இடத்தில் ஒற்று விட்டுப்போனாலும் தளம் அதை வேறு கலைஞராக எடுத்துக்கொண்டு தனிப் பக்கம் திறந்துவிடும். திரும்பச் சேர்க்க வாரக்கணக்கில் ஆகும்.

தேசியக் கலைகள் மன்றத்தின் மானியம் கேட்க நினைத்தால் வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள். சிடி, வினைல் வெளியான நான்கு வாரத்துக்குள் தேசிய நூலக வாரியத்தில் இரண்டு பிரதிகள் ஒப்படைக்க வேண்டும், சட்டப்படி கடமை. அச்சிடும் எண்ணிக்கையிலேயே அந்த இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காக்கிபுக்கிட்_பேஸ் எழுதியது:

சினிமாப் பாட்டை எடுத்துவிட்டோம். இப்போது 8 பாட்டு, 38 நிமிடம். வெளியீட்டு நிகழ்ச்சியில் மட்டும் மேடையில் அதைப் பாடலாமா?

உரிமைத்தாள் எழுதியது:

பழைய வரிகளோடு, மாற்றாமல் பாடுங்கள். மேடையில் நிகழ்த்துவதற்கான உரிமம் நிகழ்ச்சி நடத்துபவர் காம்பஸிடம் எடுப்பது. அரங்கத்திடம் அந்த உரிமம் இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். கலைநிகழ்ச்சி உரிமம் பற்றியும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். உங்கள் சொந்தப் பாட்டுகளையும் சேர்த்து அன்றைக்குப் பாடிய பட்டியலை வரிசைப்படி காம்பஸுக்கு அனுப்புங்கள். எழுதியவர்களுக்கு வர வேண்டிய பங்கு அந்தப் பட்டியலை வைத்துத்தான் கணக்காகும்.